பல் பட்ட குச்சி

வினாடி வினா நடத்துகிறவர்களுக்கு ஒரு நியாயமான எதிர்பார்ப்பு உண்டு. கேள்வி முதலில் வரும், பதில் பின்னால் வரும். போன வாரம் தொலைக்காட்சிப் பதிவில் ஒரு போட்டியாளர் இந்தப் பழைய பழக்கத்தை மாற்றிக் காட்டினார். தொகுப்பாளர் "உலகிலேயே" என்று வாயைத் திறந்ததும் பொத்தானை அழுத்தி ஓர் ஏரியின் பெயரைச் சொல்லிவிட்டார். சரியான பதில். அடுத்த கேள்விக்கு "உலகிலேயே" கூடத் தேவைப்படவில்லை. எப்படி என்று கேட்டதற்கு, தனக்குச் சின்ன வயதிலிருந்தே ஞானம் கொஞ்சம் அதிகம் என்றாராம். பரிசை நிறுத்தி வைத்துவிட்டு, கேள்விகள் எந்த ஓட்டை வழியாக ஒழுகின என்று தேட ஆரம்பித்தார்கள்.

அந்தக் கேள்விகளை எழுதுகிறவர், ஊரே கேள்வி வாத்தியார் என்று அழைக்கிற மனிதர், எங்கள் மேடத்தை வீட்டுக்கு வரச் சொன்னார். மேடம் துப்பறிகிறவர். அதற்கு முன்பு ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் எரிந்த கடைகளையும், எரிந்ததாகச் சொல்லப்பட்ட கடைகளையும் பிரித்துப் பார்க்கும் வேலையில் இருந்தவர். நான் அவருடைய உதவியாளன். எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ஸ்பீக்கர். அந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை என்பது அவருடைய கட்சி.

நாங்கள் போனபோது வாத்தியார் கை கழுவிக்கொண்டிருந்தார். எங்களோடு கை குலுக்கினார். மறுபடியும் போய்க் கை கழுவினார். அந்த அறையில் உட்காரவே கூச்சமாக இருந்தது. மேஜையில் ஒரு தூசி கிடையாது. புத்தகங்கள் உயர வரிசையில் நின்றன. நாற்காலியில் என் முதுகு பட்ட இடத்தை அவர் இரண்டு தடவை பார்த்தார்.

விஷயத்தை அவர் சொன்ன வரிசையே அலாதி. முதலில் குற்றவாளி யார் என்று சொன்னார். பிறகு ஆதாரம். கடைசியில்தான் என்ன நடந்தது என்பது. கேள்விக்கு முன்னால் பதில் சொல்கிற வியாதி அந்த நிகழ்ச்சியில் எல்லோருக்கும் தொற்றியிருந்தது போலும்.

குற்றவாளி அவருடைய கொழுந்தியாள். மனைவியின் ஒரே தங்கை. அம்மா அப்பா இல்லாத பெண். அக்கா வீட்டிலேயே இருந்துகொண்டு அத்தானுக்குக் கேள்விகளைத் தட்டச்சு செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். நாலு நாள் முன்பு வாத்தியார் அவளை வேலையை விட்டு நிறுத்தினார். ஒரு வேலையை அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை என்பதால் வீட்டை விட்டும் அனுப்பினார். அக்காக்காரி தடுக்கவில்லை, புருஷன் சொன்னதை நம்பிவிட்டாள். நாங்கள் போன அன்று மாலை ஐந்து மணிக்குத் தொலைக்காட்சி நிர்வாகம் கூடுகிறது. அதில் அந்தப் பெண்ணின் பெயரை வாத்தியார் சொல்வார், அவர்கள் போலீசில் புகார் கொடுப்பார்கள். கூடவே தனியார் துப்பறிவாளரின் அறிக்கை ஒன்று இருந்தால் கனமாக இருக்கும் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. தீர்ப்பை எழுதி மையும் காய்ந்த பிறகு, விசாரணைக்கு ஆள் கூப்பிட்டிருந்தார்.

மேடம் ஆதாரத்தைக் கேட்டார். வாத்தியார் சட்டைப் பையிலிருந்து, கேள்விகளைச் சேமித்து வைக்கும் தன் ஆர்கனைசரை எடுத்தார்.

உள்ளங்கையில் அடங்குகிற சாம்பல் நிறப் பெட்டி. மேலே கறுப்புத் தோல் மூடி. மூடியைத் திறந்தால் பச்சை கலந்த திரை. அதற்கு அடியில் எழுதுவதற்கென்று ஒரு கட்டம். அதற்கும் கீழே நாலு பொத்தான்கள். கட்டத்தில் நம் இஷ்டத்துக்கு எழுத முடியாது. பெட்டிக்குப் புரிகிற மாதிரி எழுத்தை வளைக்க நாம்தான் பழகிக்கொள்ள வேண்டும். மனிதர்கள் காசு கொடுத்து வாங்கி, அதனிடமே எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும் சாதனம். பெட்டியின் வலது தோளில் ஒரு பொந்து, அந்தப் பொந்துக்குள் ஒரு குச்சி. கடைக்காரர்கள் அதை ஸ்டைலஸ் என்பார்கள். வாங்கிக்கொண்டு போனவர்கள் எல்லோரும் குச்சி என்றுதான் சொல்கிறார்கள்.

"பாருங்க," என்று வாத்தியார் குச்சியை உருவி, ஒரு காகிதக் கைக்குட்டைமேல் வைத்து நீட்டினார். செத்த பல்லியை எடுத்துக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது.

குச்சியின் உடம்பு கறுப்பு வண்ணம் பூசிய உலோகம். தலை மட்டும் பிளாஸ்டிக்; ஒரு பக்கம் தட்டை. அந்தத் தட்டைப் பக்கம் பொந்தின் தட்டைப் பக்கத்தோடு சேர்ந்தால்தான் உள்ளே போகும். வேறு எப்படித் திருப்பினாலும் போகாது. அந்தப் பிளாஸ்டிக் தலை முழுக்கப் பல் தடம்.

தான் எதையும் வாயில் வைக்கிறவர் இல்லை என்று வாத்தியார் சொன்னார். அதை நாங்கள் நம்பினோம். அவர் தண்ணீரைக்கூடச் சந்தேகத்தோடுதான் குடிப்பார் என்று தோன்றியது. கேள்விகள் கசிந்த அன்று மெஷினை உற்றுப் பார்த்தபோதுதான் கடியைக் கவனித்தாராம். தனக்குத் தெரியாமல் யாரோ குச்சியை எடுத்து, திரையில் நோண்டி, கேள்விகளைப் படித்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பது மூன்று பேர். அவர் கடிக்கவில்லை, மனைவி அந்தப் பெட்டியைத் தொட மாட்டாள். கழித்தல் கணக்கு முடிந்தது.

"மெஷின் உங்களை விட்டுப் பிரியறதே இல்லையா?" என்று மேடம் கேட்டார்.

"ஒரு நிமிஷம்கூட இல்ல. தூங்கறப்ப தலைமாட்டுல இருக்கும்."

"குளிக்கறப்ப?" என்றேன் நான்.

"வாசல்ல ஸ்டூல் போட்டு வைப்பேன்," என்றார் அவர் பெருமையாக. அந்த ஸ்டூலையும் கழுவுவாரா என்று கேட்க நினைத்தேன். மேடம் பார்த்த பார்வையில் கேள்வி உள்ளேயே தங்கிவிட்டது.

மேடம் குச்சியைப் பொந்துக்குள் செருகினார். கிர்ரென்று ஒரு சத்தம். உருவினார். மறுபடி கிர்ர். செருகினார், உருவினார், காதருகே வைத்துக்கொண்டு செருகினார். வாத்தியாருக்கு அந்தக் கைகள் கடைசியாக எப்போது கழுவப்பட்டவை என்ற கவலை முகத்தில் தெரிந்தது.

சத்தத்துக்குக் காரணம் கேட்டபோது அவர் அலட்சியமாகச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்பு, நிகழ்ச்சி தொடக்க விழாவில் விளம்பரக் கம்பெனி இதைப் பரிசாகக் கொடுத்தது. முதல் வாரமே மாடிப்படியில் விழுந்து, பொந்தின் விளிம்பு உள்பக்கமாக மடங்கிவிட்டது. அன்றிலிருந்து குச்சி போகும்போதும் வரும்போதும் உரசுகிறது. பழகிவிட்டது. குச்சியை மாற்றியதே இல்லை. பெட்டியோடு கொடுத்த உபரிக் குச்சி உறை பிரிக்காமல் இழுப்பறையில் இருக்கிறது. எடுத்தும் காட்டினார். அந்த உறையைக்கூடத் துடைத்து வைத்திருந்தார்.

இதே மாதிரி மெஷின் வேறு யாரிடம் இருக்கிறது என்று மேடம் விசாரித்தார். மொத்தம் நாலு கொடுத்தார்களாம். வாத்தியாருக்கு ஒன்று, தொகுப்பாளருக்கு ஒன்று, நிகழ்ச்சித் தயாரிப்பாளருக்கு ஒன்று. நாலாவதை விளம்பரக் கம்பெனியின் மேனேஜர் தனக்கே பரிசாகக் கொடுத்துக்கொண்டார்.

"சாயங்காலம் நாலு மணிக்கு இந்த நாலு பேரும் ஒரே அறையில இருக்கணும். அறிக்கைய அங்கேயே தர்றேன். நான் என்ன பேசினாலும் நீங்க குறுக்க பேசக்கூடாது," என்றார் மேடம்.

அறிக்கை அன்றைக்கே கிடைக்கும் என்றதும் வாத்தியாருக்கு ஒரே சந்தோஷம். எழுந்து கை கொடுக்க வந்தவர், நினைத்துப் பார்த்துக் கும்பிட்டுவிட்டார்.

கொழுந்தியாள் ஒரு தோழியின் அறையில் தங்கியிருந்தாள். கீழே ஜெராக்ஸ் கடை; மேலே ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு கயிற்றுக்கொடி. கீழே மெஷின் ஓடும்போதெல்லாம் தரை லேசாக அதிர்ந்தது. அழுது வீங்கிய முகத்தை எதிர்பார்த்துப் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தோழியின் துணிகள். இருக்க இடம் கொடுத்தவர்களுக்கு ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று நினைக்கிற பெண் என்பது பார்த்ததும் தெரிந்தது.

குச்சியைக் கடித்தாயா என்று மேடம் நேராகவே கேட்டார். அவள் மடித்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"அந்தக் குச்சிய நான் தொட்டதே இல்ல மேடம். கேள்விய கம்ப்யூட்டர்ல அடிக்கிறதே நான்தான். அடிச்சு முடிச்சதும், கம்ப்யூட்டரோட வயர்ல சேர்ந்த தொட்டி ஒண்ணு இருக்கு, அதுல அத்தானோட மெஷின நிறுத்தி ஒரு பொத்தான் அமுக்குவேன். எல்லாம் தானா உள்ள போயிடும். குச்சியே வேண்டாம். நான் கேள்விய விக்கணும்னா அவர் மெஷின எதுக்குத் திருட்டுத்தனமா நோண்டப்போறேன்?"

"தானே சமைச்சவ, பரிமாறின தட்டுலேர்ந்து எதுக்குத் திருடணும்?" என்றேன் நான். அன்று நான் சொன்னதில் மேடம் தலையசைத்தது இந்த ஒன்றுக்குத்தான்.

இதை அத்தானிடம் சொல்லவில்லையா என்று கேட்டோம். சொன்னாளாம். அதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் உனக்கு இன்னும் சுலபம் என்றாராம். சிலரோடு வாதாடி ஜெயிக்க முடியாது. ஜெயித்தால் அதையும் குற்றப்பத்திரிகையில் சேர்த்துவிடுவார்கள்.

அவள் இன்னொரு சட்டையை எடுத்து மடித்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வேலை போனா இன்னொரு வேலை தேடிக்கலாம். போலீஸ் வந்தாக்கூட உண்மையச் சொல்லிப் பாக்கலாம். அக்கா கதவுகிட்டதான் நின்னா. போகாதடின்னு ஒரு வார்த்தை சொல்லல. போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறா."

நான் கொடியில் கிடந்த ஒரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். மேடம் எதுவும் நடக்காதது போல, மெஷின் எப்போதாவது வாத்தியாரின் பையை விட்டு இறங்குமா என்று கேட்டார்.

இறங்கும். ஒவ்வொரு பதிவு நாளும் இறங்கும். பதிவுக்கூடத்துக்குள் யாரும் எந்த மெஷினும் கொண்டுபோகக் கூடாது என்று ஒரு விதி. கேள்விகள் வெளியே கசிந்துவிடக் கூடாது என்பதற்காக வாத்தியாரே போட்ட விதி அது. எல்லா மெஷின்களையும் மேக்கப் அறையில் ஒரு தட்டில் வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். கேள்விகளைக் காக்க விதி போட்டவர், கேள்விகள் இருக்கும் பெட்டியை எல்லோரும் வந்துபோகும் அறையில் தட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பூட்டுப் போடும் வசதி பெட்டியிலேயே உண்டு. கடவுச்சொல் மறந்துவிடும் என்று அவர் அதைப் போடவில்லையாம். ஊருக்கெல்லாம் ஞாபகசக்திப் பரீட்சை வைக்கிற மனிதர்.

மேடம் அவளையும் பதிவுக்கூடத்துக்குக் கிளம்பச் சொன்னார். கேட்டில் விட மாட்டார்கள் என்றாள் அவள். என் இன்னொரு உதவியாளர் என்று சொல்லிக்கொள்கிறேன், இருக்கிற உதவியாளரைவிட நீ அமைதியானவள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றார் மேடம்.

படி இறங்கும்போது நான் கேட்டேன். "மேடம், அந்தக் குச்சிய அத்தனை தடவ உள்ள விட்டு வெளிய எடுத்தீங்களே, எதுக்கு? சங்கீதம் பிடிச்சுப்போச்சா?"

"மடங்கின விளிம்பு என்ன பண்ணும், ஸ்பீக்கர்?"

"உரசும்."

"குச்சி ஒரே பக்கமாத்தான் உள்ள போகும். ரெண்டு வருஷம், ஒரு நாளைக்கு இருபது தடவ. ஒரே இடத்துல உரசினா வண்ணம் போயி உலோகத்துல பள்ளமே விழுந்திருக்கணும். இந்தக் குச்சில மயிரிழை மாதிரி ஒரு கீறல்தான் இருக்கு. பளபளன்னு புதுசா. ரெண்டு மூணு வாரத்துக் கீறல்."

அவர் நின்று, நான் புரிந்துகொள்ள அவகாசம் கொடுத்தார். எனக்கு அது சில நேரம் தேவைப்படும்.

"ஆனா கடி பழசு," என்று தொடர்ந்தார். "ஓரமெல்லாம் மழுங்கி, இடுக்குல அழுக்கு ஏறியிருக்கு. அந்தப் பொந்துக்கு வர்றதுக்கு முன்னாடியே கடிபட்ட குச்சி அது. வாத்தியாரோட குச்சிய யாரும் கடிக்கல. அது வாத்தியாரோட குச்சியே இல்ல."

அதன் பிறகு மீதியை நானே சொல்லிவிட்டேன். இந்த மெஷின்களை மூக்கோடு மூக்கு வைத்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு விஷயத்தை அனுப்பலாம். இரண்டிலும் தட்ட வேண்டும், அதற்கு இரண்டு குச்சியும் வெளியே வரவேண்டும். மேக்கப் அறையில் யாரோ அனுப்பியிருக்கிறான். காலடிச் சத்தம் கேட்டிருக்கும். அவசரத்தில் குச்சிகளைப் பொந்து மாற்றிச் செருகிவிட்டான். வாத்தியாரின் பள்ளம் விழுந்த குச்சி இப்போது அவனிடம் இருக்கிறது.

"அப்ப மூணு பேரோட மெஷினையும் வாங்கிப் பாத்தா முடிஞ்சது," என்றேன்.

"குடுன்னு கேட்டா, வர்ற வழியில தொலஞ்சுபோச்சும்பான். அவனே எடுத்துக் காட்டணும்."

யாரென்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. தயாரிப்பாளரை எனக்குத் தெரியும். அவர் கடிக்காத பொருள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. பேனா, தீக்குச்சி, நகம், கண்ணாடியின் காது. என் யூகத்தை மேடத்திடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. ஒத்துக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

மேக்கப் அறையில் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதைச் சுற்றிப் பல்புகள். ஓரத்தில் ஒரு வாஷ்பேசின். நாலு பேரும் இருந்தார்கள். தொகுப்பாளர் கழுத்தில் வெள்ளைத் துணியோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார்; ஒரு கன்னத்துக்குப் பவுடர் ஆகியிருந்தது, இன்னொன்று காத்திருந்தது. மேக்கப்காரரை மேடம் வெளியே அனுப்பிவிட்டார். விளம்பர மேனேஜரின் மெஷின் மேஜையில் காகிதங்கள் பறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. திரைமேல் கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட அவர் உரிக்கவில்லை. அவர் ஒருவர்தான் அதைச் சரியாகப் பயன்படுத்துகிறார் என்று எனக்குப் பட்டது.

கொழுந்தியாளைப் பார்த்ததும் வாத்தியார் எழுந்தார். குறுக்கே பேசக் கூடாது என்ற ஒப்பந்தத்தை மேடம் கையாலேயே நினைவுபடுத்த, உட்கார்ந்தார். அவள் கதவோரமாக நின்றுகொண்டாள்.

மேடம் அறிக்கை வாசிக்க ஆரம்பித்தார். அப்படி ஒரு அறிக்கையை நான் கேட்டதில்லை. வினாடி வினாவின் பயன்கள் என்று தொடங்கி, கல்வி, சமுதாயம், இளைய தலைமுறை என்று ஊர் சுற்றினார். எனக்கே கொட்டாவி வந்தது. கொஞ்ச நேரத்தில் தயாரிப்பாளர் மடியில் மெஷினைத் திறந்து எதையோ தட்ட ஆரம்பித்தார். தொகுப்பாளரும் தன்னுடையதை எடுத்தார். தட்டினார்கள், படித்தார்கள், யோசித்தார்கள். தயாரிப்பாளரின் குச்சி வாய்க்குப் போனது. நான் மேடத்தைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினேன். தொகுப்பாளரின் குச்சியும் வாய்க்குப் போனது. புருவத்தை இறக்கிக்கொண்டேன்.

மேடம் அதே தூங்குமூஞ்சிக் குரலில் வாத்தியாரைப் பாராட்டத் தொடங்கினார்.

"ஒரு பொருள இவ்வளவு முழுசா பயன்படுத்தற ஆள நான் பாத்ததில்ல. அந்தக் குச்சியாலதான் எழுதறார். யோசன வந்தா அதே குச்சியால காது குடையறார். காலைல நாங்க போனப்ப ரெண்டு காதையும் ஆற அமர முடிச்சுட்டுத்தான் பேசவே ஆரம்பிச்சார். ரெண்டு வருஷப் பழக்கமாம்."

வாத்தியாரின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. தயாரிப்பாளர் குச்சியைப் பல்லில் கடித்தபடியே விழுந்து விழுந்து சிரித்தார். விளம்பர மேனேஜர் மரியாதைக்காக இருமலாக மாற்றிச் சிரித்தார்.

தொகுப்பாளர் சிரிக்கவில்லை. சிரிப்புக்குத்தான் அவருக்குச் சம்பளமே. குச்சியை மெதுவாக வாயிலிருந்து எடுத்து, அதன் தலையைப் பார்த்தார். நாக்கை வெள்ளைத் துணியில் துடைத்தார். பிறகு குச்சியைக் கீழே போட்டுவிட்டு, நாற்காலி உருள எழுந்து வாஷ்பேசினுக்கு ஓடிக் குழாயைத் திறந்து கொப்பளித்தார். நிறுத்தினார், நினைத்துக்கொண்டார், மறுபடி கொப்பளித்தார்.

"என்ன சார் ஆச்சு?" என்றார் மேடம். "உங்க குச்சி, உங்க வாய்."

"எனக்கு... இந்த மாதிரி பேச்சு கேட்டாலே குமட்டும்."

"தயாரிப்பாளர் சாருக்குக் குமட்டலையே. அவர் வாயில இருக்கறது அவர் குச்சின்னு அவருக்குத் தெரியும். உங்க வாயில இருக்கறது யாரோடதுன்னு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. ரெண்டு வருஷமா கடிச்ச குச்சி, மாறிப்போனா நாக்குக்குத் தெரியாதா?"

கீழே கிடந்த குச்சியை நான் காகிதக் கைக்குட்டையால் எடுத்தேன். வாத்தியார் வீட்டில் கற்றுக்கொண்டது. தலையில் புதுப் பல் தடம். உடம்பின் ஒரு பக்கம் மேலிருந்து கீழ்வரை வண்ணம் போய், உலோகத்தில் நகம் பதிகிற அளவு பள்ளம். மேடம் வாத்தியாரின் மெஷினை வாங்கி அந்தக் குச்சியைச் செருகினார். மடங்கிய விளிம்பு பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. கிர்ரென்ற சத்தம் வரவில்லை. ஒரு காலத்தில் வந்திருக்கும்; தேயத் தேய வழி விட்டிருக்கிறது. மாறி வந்த குச்சிதான் இரண்டு வாரமாக முனகிக்கொண்டிருந்தது. சத்தம் இரண்டு வருஷமாக அப்படியே இருப்பதாக வாத்தியார் நினைத்திருக்கிறார்.

தொகுப்பாளர் அதிக நேரம் சமாளிக்கவில்லை. ஞானம் கொஞ்சம் அதிகமாக இருந்த அந்தப் போட்டியாளர் அவருடைய சகலை. கேள்விகளை எடுத்த அன்றே வீட்டில் போய்ப் பார்த்தபோது குச்சி மாறியிருப்பது தெரிந்ததாம். அடுத்த பதிவில் திருப்பி மாற்றலாம் என்று காத்திருக்கிறார். அதற்குள் சகலை கேள்வியைக் கேட்கிற பொறுமை இல்லாமல் பதில் சொல்லிவிட்டான். இதையெல்லாம் ஒரு கன்னத்துப் பவுடரோடு சொன்னார். தயாரிப்பாளர் அவரைக் கையோடு நிர்வாகத்திடம் அழைத்துக்கொண்டு போனார். மேனேஜர் தன் மெஷினை ஒரு தடவை பார்த்துவிட்டு, தொடாமல் பின்னால் போனார்.

வாத்தியாருக்குக் கடைசியில் பேச்சு வந்தது. திருட்டைப் பற்றி இல்லை, கொழுந்தியாளைப் பற்றியும் இல்லை.

"நான் எப்பங்க காது குடைஞ்சேன்?"

"குடையல சார்," என்றார் மேடம். "பொய்தான். நீங்க அந்தப் பொண்ணு மேல சொன்னத விட சின்னப் பொய்."

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, கதவோரம் நின்றவளிடம் திரும்பினார். நடந்தது நடந்துபோச்சு பாப்பா, நாளைக்குக் காலைல வழக்கம்போல வந்துடு, அடுத்த மாசக் கேள்வியெல்லாம் அடிக்கணும் என்றார். மன்னிப்பு என்ற சொல்லுக்கு அவரிடம் கேள்வியும் கிடையாது, பதிலும் கிடையாது.

அவள் அழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"இன்னொருத்தரோட எச்சில் குச்சிய ரெண்டு வாரமா கையில பிடிச்சு எழுதியிருக்கீங்க, அத்தான். அது உங்களுதா இல்லையான்னு உங்களுக்குத் தெரியல. நான் எட்டு வருஷமா உங்க வீட்டுல இருக்கேன். என்னை மட்டும் ஒரே நிமிஷத்துல தெரிஞ்சுக்கிட்டீங்களே."

வாத்தியார் தன் கைகளைப் பார்த்தார். வாஷ்பேசின் இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. போகவில்லை.

"அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க," என்றாள். "இப்பவே. நான் சொன்னா நம்ப மாட்டா."

அவர் செல்போனை எடுத்து வீட்டு எண்ணை அழுத்தினார். மனைவி எடுத்ததும், அது வந்து, இப்ப என்னன்னா, கேள்விய எடுத்தது வேற ஆளு என்று ஒரு வாக்கியத்தை மூன்று தவணைகளில் சொல்லி முடித்தார். பிறகு அந்த அம்மாள் கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அவர் கத்தியதால் இல்லை, அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால்.

"நீங்க சொன்னத நம்பி அவ போன எடுக்காம இருந்தேனே. இப்ப நான் அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

ஊருக்கெல்லாம் கேள்வி எழுதுகிறவர் போனைக் காதில் வைத்தபடியே நின்றார்.

கொழுந்தியாள் வந்து அவர் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா," என்றாள். "சாப்டியா?"

அந்தப் பக்கத்திலிருந்து வந்தது பேச்சில்லை, அழுகை. இவளுக்கும் அப்போதுதான் வந்தது. போனோடு கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். போன் வாத்தியாருடையது. பின்னால் போய்க் கேட்டு வாங்கும் தைரியம் அன்று அவருக்கு வரவில்லை.